களையைக் கருக்கும் அதே வேதிவினை நுரையீரலையும் கருக்குகிறது

காலை எட்டு மணிக்கு வரப்பில் அடித்த களைக்கொல்லி, உச்சி வெயிலுக்குள் புல்லை வாட்டிவிடுகிறது. மறுநாள் பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடக்கிறது. "இதுபோல வேகம் வேறு எந்த மருந்துக்கும் கிடையாது" என்று விவசாயிகள் சொல்வது உண்மைதான். அந்த மருந்தின் பெயர் பாராகுவாட் டைகுளோரைடு. கடைகளில் 24 சதவீதக் கரைசலாகப் பல கம்பெனிகளின் பெயரில் கிடைக்கிறது. விலை குறைவு, வேலை வேகம். ஆள் கிடைக்காத காலத்தில் தென்னந்தோப்பிலும், கரும்புப் பாரிலும், வாய்க்கால் கரையிலும் இதை நம்பி இருப்பவர்கள் ஏராளம்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று நாம் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் சொல்வதில்லை, பாட்டிலில் ஒட்டிய பொடி எழுத்தும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டால், இந்த மருந்து ஏன் நம் வயல்களில் இருக்கக் கூடாது என்பதும் தானாகப் புரியும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

எலக்ட்ரான் திருட்டு

பச்சை இலைக்குள் பசுங்கணிகம் என்ற நுண்ணிய பைகள் இருக்கின்றன. வெயில் பட்டவுடன் அங்கே எலக்ட்ரான்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே போகும். வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும் கொத்தனார் வேலை போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையின் முடிவில்தான் செடிக்குச் சர்க்கரை செய்யத் தேவையான சக்தி சேர்கிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை.

பாராகுவாட் உள்ளே போனதும் இந்த வரிசையின் கடைசியில் கை நீட்டி நிற்கிறது. செடிக்குப் போகவேண்டிய எலக்ட்ரானைத் தான் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கிய நொடியில் அது 'ஃப்ரீ ரேடிக்கல்' ஆகிவிடுகிறது. அதாவது, ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானைச் சுமந்துகொண்டு, எப்போது யாரிடம் தள்ளிவிடலாம் என்று தவிக்கும் மூலக்கூறு.

பக்கத்திலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இலைக்குள் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை, இலையே அதை உற்பத்தி செய்கிறது. பாராகுவாட் தன் ஒற்றை எலக்ட்ரானை ஆக்சிஜன் தலையில் கட்டிவிடுகிறது. ஆக்சிஜன் 'சூப்பர் ஆக்சைடு' என்ற கெட்ட குணமுள்ள ரேடிக்கலாக மாறுகிறது. பாராகுவாட்டோ ஒரு சேதமும் இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த எலக்ட்ரானுக்குக் கை நீட்டுகிறது.

கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். பாராகுவாட் தீர்ந்துபோவதில்லை. ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப இதே வேலையைச் செய்துகொண்டிருக்கும். கொல்வது பாராகுவாட் அல்ல, ஆக்சிஜன். பாராகுவாட் தரகர் மட்டுமே. வெயில் அதிகமாக இருந்தால் வேலை வேகமாக நடப்பதும், இருட்டில் வைத்த செடி மெதுவாகக் கருகுவதும் இதனால்தான். எலக்ட்ரானை ஓட்டும் வெயில் இல்லை என்றால் தரகருக்கு வேலை குறைவு.

சவ்வு கிழிந்தால் செல் இல்லை

சூப்பர் ஆக்சைடு பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிறது. அது செல்லுக்குள் இருக்கும் இரும்புச்சத்தோடு சேரும்போது 'ஹைட்ராக்சில்' என்ற இன்னும் கொடூரமான ரேடிக்கல் பிறக்கிறது. இது எதைத் தொட்டாலும் சிதைக்கும். முதலில் அகப்படுவது செல் சவ்வு.

எந்த உயிரின் செல்லாக இருந்தாலும், அதைச் சுற்றி இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு உண்டு. உள்ளே எது வரலாம், வெளியே எது போகலாம் என்பதை முடிவு செய்வது அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கதவுகள். பொட்டாசியம் உள்ளே இருக்க வேண்டும், உப்பு வெளியே இருக்க வேண்டும், தண்ணீர் அளவோடு இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு இருக்கும் வரைதான் செல்லுக்கு உயிர்.

வீட்டில் திறந்து வைத்த கடலை எண்ணெய் நாளாக ஆகக் காறிப்போவதைப் பார்த்திருப்போம். காற்றில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்குவதால் வரும் வாடை அது. பழைய நிலக்கடலை விதை முளைப்புத் திறனை இழப்பதற்கும் இதே காறல் ஒரு காரணம். விதைக்குள் இருக்கும் செல் சவ்வுகள் மெல்ல மெல்லக் கெட்டுவிடுகின்றன. மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேலையை, பாராகுவாட் அடித்த இலையில் சில மணி நேரத்தில் ரேடிக்கல்கள் முடித்துவிடுகின்றன. ஒரு கொழுப்பு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும். வைக்கோல் போரில் பிடித்த தீ மாதிரி. சவ்வு ஓட்டையாகி, செல்லுக்குள் இருந்த தண்ணீரும் உப்புகளும் ஒழுகுகின்றன. இலை துவள்கிறது, பழுப்பாகிறது, கருகுகிறது.

செடியிடம் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. ரேடிக்கல்களை அடக்க நொதிகள் உண்டு, வைட்டமின் சி உண்டு. சாதாரண நாளில் உருவாகும் கொஞ்சநஞ்ச ரேடிக்கல்களுக்கு அவை போதும். பாராகுவாட் வரும்போது, மடை திறந்த வெள்ளத்துக்கு முன் மண்வெட்டியோடு நின்ற கதை ஆகிவிடுகிறது.

கோரைக்குக் கிழங்கு இருக்கிறது

வேகம் வேறு, தீர்வு வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பட்ட இடத்தை மட்டுமே பாராகுவாட் கருக்கும். இலையே சில மணி நேரத்தில் செத்துவிடுவதால், மருந்து வேருக்கு இறங்க வழியில்லை. அதனால்தான் கோரையும் அருகும் மேலே கருகி, கொஞ்ச நாளில் கிழங்கிலிருந்தும் வேர்த்தண்டிலிருந்தும் மறுபடி கிளம்புகின்றன. விவசாயி மறுபடி பாட்டில் வாங்குகிறார். களைக்குப் போட்ட முற்றுப்புள்ளி என்று நினைத்தது உண்மையில் ஒரு காற்புள்ளிதான்.

இந்த மருந்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சொல்லும் ஒரு வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாராகுவாட் களிமண் துகளோடு இறுக ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அடுத்த பயிரின் வேரைப் பாதிக்காது. இது சரிதான். கலங்கிய வாய்க்கால் தண்ணீரில் கலந்தால் மருந்து வேலை செய்யாமல் போவதும் இதனால்தான். எனவே என் வாதம் முதன்மையாக மண்ணைப் பற்றியது அல்ல. டேங்க்கைத் தோளில் மாட்டுபவர், பாட்டில் இருக்கும் வீட்டில் வாழ்பவர்கள் ஆகியோரைப் பற்றியது.

நுரையீரலில் திறந்திருக்கும் கதவு

மனித உடம்பில் ஒளிச்சேர்க்கை கிடையாது. அப்படியானால் பாராகுவாட் நம்மை ஏன் கொல்ல வேண்டும்? எலக்ட்ரான் கைமாற்றும் வேலை இலையில் மட்டும் நடப்பதில்லை, நம் செல்களிலும் நடக்கிறது. வெயிலுக்குப் பதில் நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து எலக்ட்ரான் வருகிறது, அவ்வளவே வித்தியாசம். பாராகுவாட் அங்கேயும் கை நீட்டுகிறது, ஆக்சிஜன் தலையில் கட்டுகிறது.

உடம்பு முழுவதும் இது நடக்கலாம். ஆனால் நுரையீரல்தான் மோசமாக அடிபடுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உடம்பிலேயே ஆக்சிஜன் மிக அதிகமாகப் படும் இடம் அது. இரண்டாவது காரணம் செல் சவ்வில் இருக்கிறது.

எல்லா உயிர்களின் செல்களிலும் புட்ரெசின், ஸ்பெர்மிடின் போன்ற பாலிஅமீன்கள் என்ற பொருள்கள் உண்டு. செல் வளரவும் பெருகவும் இவை தேவை. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் உள்ள செல்கள், ரத்தத்திலிருந்து இந்தப் பாலிஅமீன்களை இழுத்துக்கொள்ளத் தம் சவ்வில் தனிக் கதவு வைத்திருக்கின்றன. பாராகுவாட் மூலக்கூறில் இரண்டு நேர்மின்னேற்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் பாலிஅமீனில் உள்ளதை ஒத்திருக்கிறது. கதவு ஏமாந்துபோகிறது. தன் சக்தியைச் செலவழித்து, எதிரியை விருந்தாளி என்று உள்ளே அழைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு பாராகுவாட் நுரையீரலில் சேர்வது இப்படித்தான்.

செடிகளிலும் இதே போன்ற பாலிஅமீன் கதவு வழியாகப் பாராகுவாட் நுழைவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அந்தக் கதவு பழுதான செடிகள் இந்த மருந்தைத் தாக்குப்பிடிக்கின்றன. களைக்கும் மனிதனுக்கும் இந்த விஷயத்தில் கதவும் ஒன்று, திருட்டும் ஒன்று. அதனால்தான் 'களையை மட்டும் கொல்லும், மனிதனை விட்டுவிடும் பாராகுவாட்' என்று ஒன்றை யாராலும் செய்ய முடியவில்லை.

ஆக்சிஜனே ஆபத்தாகும் நோயாளி

மூச்சுத் திணறலோடு வருபவருக்கு ஆஸ்பத்திரியில் முதலில் ஆக்சிஜன் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக நாடே அலைந்தது நினைவிருக்கும். பாராகுவாட் உடம்பில் ஏறியவருக்கு அந்த ஆக்சிஜனே எதிரி. கூடுதலாகக் கொடுக்கக் கொடுக்க, ரேடிக்கல்களுக்கு அது தீனியாகிறது. அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மட்டுமே மருத்துவர்கள் அளந்து கொடுக்கிறார்கள்.

இதற்கு மாற்று மருந்து இல்லை. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கிறது, சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் இருக்கிறது. இந்தக் களைக்கொல்லி 1962-ல் விற்பனைக்கு வந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் இதற்கு நிரூபணமான ஒரு முறிவு மருந்து கிடையாது. நோய் எதிர்ப்பு வினையை அடக்கும் மருந்துகளாவது காப்பாற்றுமா என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு கொடுமை, இது மெதுவாகக் கொல்வது. சிறிதளவு உள்ளே போனவருக்கு முதல் நாளில் வாய்ப்புண், தொண்டை எரிச்சல், வாந்தி தவிர வேறு தொந்தரவு தெரியாமல் இருக்கலாம். எழுந்து நடப்பார், பேசுவார். வீட்டில் எல்லோரும் பிழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். சிறுநீரகம் கெடுகிறது, உடம்பை விட்டு விஷம் வெளியேறும் வழி அடைபடுகிறது. நாட்கள் போகப் போக நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. முழு நினைவோடு, மூச்சுக்காகப் போராடி இறக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரில் சோடியம் டைதயோனைட் என்ற பொருளைச் சேர்த்தால், பாராகுவாட் இருந்தால் நீலமாக மாறும். அந்த நீலம்தான் பாராகுவாட்டின் ஃப்ரீ ரேடிக்கலின் நிறம். களைக்கொல்லி என்று தெரியும் முன்பே, எலக்ட்ரான் வாங்கினால் நிறம் மாறும் இந்தக் குணத்துக்காக இதை ஆய்வகங்களில் பயன்படுத்தி வந்தார்கள். இலையைக் கருக்குவதும், சோதனைக் குழாயில் நீலமாகத் தெரிவதும், நுரையீரலைக் கெடுப்பதும் ஒரே குணம்தான்.

மஞ்சள் முக்கோணம் சொல்லாதது

நம் நாட்டில் பூச்சிமருந்து டப்பாக்களில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிற முக்கோணங்கள் உண்டு. பாராகுவாட்டுக்கு மஞ்சள். சிவப்பைவிட ஒரு படி கீழே. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகின்றன என்ற கணக்கில் வரும் நிறம் இது. மாற்று மருந்து உண்டா, ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாரா என்பது அந்தக் கணக்கில் இல்லை. விவசாயிக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

நாமும் இதை 'மருந்து' என்றே அழைக்கிறோம். மருந்துக் கடை, மருந்து அடிக்கிறது, மருந்து டேங்க். நோயைத் தீர்ப்பதற்கு வைத்த சொல்லை விஷத்துக்குக் கொடுத்ததில், பயமும் போய்விட்டது. குளிர்பான பாட்டிலில் மிச்ச மருந்தை ஊற்றி மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகிவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

தவறுதலாகக் குடித்தவர்கள் ஒரு பக்கம். கோபத்திலும் வேதனையிலும் கைக்குக் கிடைத்ததை எடுத்தவர்கள் இன்னொரு பக்கம். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பணிபுரிந்த எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்: விஷம் குடித்து வருபவர்களில் பலர், கொஞ்ச நேரத்திலேயே "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். மனம் மாறியவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். பாராகுவாட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. இதுதான் என் முக்கியமான ஆட்சேபம். மனவேதனையில் இருப்பவர்கள், அல்லது அப்படி ஒருவரை வீட்டில் வைத்திருப்பவர்கள், 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

"தடை செய்தால் வேறு ஒன்றைத் தேடிக்கொள்வார்கள்"

இந்தப் பதிலைப் பலரும் சொல்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு அனுபவம் விடை சொல்லிவிட்டது.

இலங்கையில் 1995-ல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 57 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று அது. கொடிய விஷங்களை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். 2008 முதல் 2011 வரை பாராகுவாட்டையும் வேறு இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் படிப்படியாக நிறுத்தினார்கள். 2015-ல் அந்த அளவு சுமார் 17-க்கு இறங்கிவிட்டது. மக்களின் துயரங்கள் தீர்ந்துவிட்டதால் மட்டும் நடந்தது அல்ல இது. கைக்குக் கிடைத்த பொருள் பிழைக்க வாய்ப்புள்ளதாக மாறியது பெரிய காரணம். நெல் விளைச்சல் இந்தத் தடைகளால் குறையவில்லை என்றும் அங்கே ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

தென் கொரியா 2011-ல் பாராகுவாட்டின் பதிவை ரத்து செய்து, 2012-ல் விற்பனையை நிறுத்தியது. 2011-க்கும் 2013-க்கும் இடையில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அங்கேயும் பயிர் விளைச்சல் சரியவில்லை.

சுவீடன் தொடுத்த வழக்கில் 2007-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இதன் அனுமதியை ரத்து செய்தது. சீனா 2016-ல் தன் நாட்டில் நீர்க்கரைசல் விற்பனையை நிறுத்தியது. தாய்லாந்தும் பிரேசிலும் 2020-ல் தடை விதித்தன. இந்த நாடுகளில் விவசாயம் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் இன்னும் அனுமதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே பயிற்சியும் உரிமமும் பெற்றவர் மட்டுமே கையாள முடியும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போகும் பையன் சைக்கிளில் போய் வாங்கி வருகிறான்.

நிறம் சேர்க்கிறோம், நாற்றம் சேர்க்கிறோம், வாந்தி வரவைக்கும் பொருள் சேர்க்கிறோம் என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. தவறுதலாகக் குடிப்பதை இவை குறைக்கும், மறுக்கவில்லை. வயிற்றில் போனதும் கூழாக மாறும் ஒரு மேம்பட்ட தயாரிப்பை இலங்கையில் சோதித்தபோது, பிழைத்தவர்கள் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் என்பதிலிருந்து மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் என்ற அளவுக்குத்தான் உயர்ந்தார்கள். பெரும்பாலானோர் அப்போதும் இறந்தார்கள். கதவு திறந்திருக்கும் வரை பூட்டுக்கு வண்ணம் அடித்துப் பயனில்லை.

அரசு என்ன செய்ய வேண்டும்?

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. அதன்படி ஒரு மாநில அரசு தடை போடலாம், ஆனால் அடிப்படையில் 60 நாட்களுக்குத்தான். நிரந்தரமாகப் பதிவை நீக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாட்கள் தடை செய்தது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையையும் விலக்கியது. நல்ல முயற்சி. அந்தப் பட்டியலில் பாராகுவாட் இல்லை. பக்கத்துக் கேரளம் 2011-லேயே இதை விலக்கிவிட்டது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அறிவித்தது. அதைவிடப் பல மடங்கு உடனடி ஆபத்துள்ள பாராகுவாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. இது எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. பாராகுவாட்டின் பதிவை ஒரு காலக்கெடு வைத்து நீக்க வேண்டும். அதுவரை ஆதார் எண், நில விவரம் பதிவு செய்யாமல் யாருக்கும் விற்கக் கூடாது.

தடை மட்டும் போட்டுவிட்டு விவசாயியைக் களையோடு தனியாக விட்டுவிடுவதும் அநியாயம். களையெடுக்க ஆள் இல்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்பது வெறும் சாக்கு அல்ல. தடை போடும் கையே பவர் வீடரையும் புல்வெட்டும் கருவியையும் நீட்ட வேண்டும். வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ஆனால் உழவு டிராக்டருக்குக் கிடைக்கும் முக்கியத்துவம் களைக் கருவிக்குக் கிடைப்பதில்லை. ஊராட்சிக்கு இரண்டு புல்வெட்டி, இரண்டு பவர் வீடர், அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்ற நான்கு இளைஞர்கள் இருந்தால், தோப்பிலும் வரப்பிலும் பாராகுவாட்டுக்கு வேலையே இருக்காது. தடைக்காக ஒதுக்கும் ஒவ்வொரு நாளிலும் இந்த ஏற்பாடு பாதியாவது நடந்திருக்க வேண்டும்.

நாம் இன்றே செய்யக்கூடியவை

அரசு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தென்னை, வாழை, மா ஆகியவற்றில் மட்டை, சருகு, தட்டை கொண்டு மூடாக்குப் போட்டால், வெயில் படாத களை விதை முளைக்காது. இடைவெளியில் தட்டைப்பயறோ சணப்போ விதைத்தால் களையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். திருந்திய நெல் சாகுபடியில் கோனோ வீடர் களையையும் அமுக்கி மண்ணுக்குக் காற்றோட்டமும் தருகிறது. கோரை நிலத்தில் கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிடுவதற்கு ஈடான களைக்கொல்லி எதுவும் இல்லை.

இன்னும் பாராகுவாட் வீட்டில் இருப்பவர்கள் சில விஷயங்களில் சமரசம் செய்யக் கூடாது. வாங்கிய பாட்டிலை விட்டு வேறு பாட்டிலில் ஊற்றாதீர்கள். பூட்டிய பெட்டியில் வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கையில் காலில் காயமோ சிரங்கோ இருப்பவர் இதைத் தொடவே கூடாது; நல்ல தோல் வழியாக அதிகம் இறங்காது, ஆனால் புண்பட்ட தோல் திறந்த வாசல். முதுகில் ஒழுகும் டேங்க்கோடு நனைந்த சட்டையில் நாள் முழுக்க அடித்து இறந்தவர்கள் உண்டு. நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். உடம்பில் பட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அவ்வளவு நேரம் சுத்தமான தண்ணீர் விட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால், ஒரு வாயாக இருந்தாலும், துப்பிவிட்டதாகச் சொன்னாலும், தெம்பாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாணிக்கரைசல், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "களைக்கொல்லி, பாராகுவாட்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான், வயிற்றில் இருப்பதை உறிஞ்சும் கரியை உடனே கொடுக்கவும், ஆக்சிஜனை யோசித்துக் கொடுக்கவும் மருத்துவரால் முடியும்.

வேளாண் அலுவலர்களுக்கும் உதவி அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உழவர் கூட்டங்களில் ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். காறிய எண்ணெய் உதாரணத்தைச் சொன்னால் படிக்காதவருக்கும் புரியும். "கையுறை போடுங்கள்" என்று நூறு தரம் சொன்னாலும் கேட்காத விவசாயி, "உங்கள் நுரையீரலே இதைக் கதவு திறந்து உள்ளே அழைக்கும், அதன்பிறகு ஆக்சிஜனும் உங்களுக்கு எதிரியாகும்" என்று சொன்னால் ஒரு தரத்திலேயே கேட்பார்.

புல் மறுபடி முளைக்கும். அதைச் சமாளிக்க நமக்கு மண்வெட்டி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, மூடாக்கு இருக்கிறது. தழும்பேறிய நுரையீரல் மறுபடி முளைக்காது. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அடுத்த முறை கடையில் அந்தப் பாட்டிலுக்குக் கை நீட்டும் முன் யோசியுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் 'எங்கள் ஊருக்குப் பாராகுவாட் வேண்டாம், களைக் கருவி வேண்டும்' என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்.